ஐந்து வருடம் பி.ஆர்க். படித்தேன், படிக்கட்டுக்கு அடியில் தலை இடித்தது

பி.ஆர்க். என்கிற கட்டடக்கலைப் படிப்பை முடித்து, ஆர்க்கிடெக்ட்களைப் பதிவு செய்யும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் இருந்து எனக்குப் பதிவு எண் வந்த அதே வாரத்தில்தான், மதுரை வில்லாபுரத்தில் தாய்மாமா கட்டிக்கொண்டிருந்த வீட்டில், மேஸ்திரி என் பிளானைச் சிமெண்ட் மூட்டை மேல் விரித்து, காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து ஒரே ஓர் இடத்தில் வட்டம் போட்டார். "பாப்பா, படிக்கு அடியில பாத்ரூம் வச்சிருக்கியே, இதுக்குள்ள நீ நிப்ப, உங்க மாமா நிப்பாரா?"

கணக்கு இதுதான். தரையில் இருந்து மேல் தளம் 10 அடி 6 அங்குலம். 6 அங்குலப் படி 21. நடுவில் திரும்பும் லேண்டிங் 11ஆவது படியில், அதாவது 5 அடி 6 அங்குலத்தில். அதில் 5 அங்குலக் கான்கிரீட்டைக் கழித்தால் அடியில் மிச்சம் 5 அடி 1 அங்குலம். மாமா 5 அடி 8. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும் கழித்தல். நான் அந்தப் படிக்கட்டை பிளானில் அம்புக்குறி எல்லாம் போட்டு அழகாக வரைந்திருந்தேன், செக்‌ஷன் (கட்டடத்தைக் குறுக்கே அறுத்தாற்போல வரையும் படம்) வெட்டிப் பார்க்கவில்லை. மேஸ்திரி பாத்ரூமை மேலே ஏறும் இரண்டாவது வரிசைப் படிக்கு அடியில் நகர்த்தி, உயரம் கூடுகிற பக்கம் கதவைத் திருப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க நான் பெயருக்கு முன்னால் ஆர்க்கிடெக்ட் என்பதன் சுருக்கமாக "ஆர்." என்று போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்மா பார்த்துவிட்டு, "இனிஷியலை ஏன்டி மாத்துன?" என்றார்.

ஒவ்வொரு வருடமும் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் சொந்தத்தில், தெருவில், அப்பாவின் கடைப் பழக்கத்தில் யாராவது போன் போட்டு "பிள்ளை நல்லா படம் வரையும், ஆர்க்கிடெக்சர் சேர்க்கலாமா" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவிடுகிறேன். நான் படித்தது மதுரையைச் சுற்றியிருக்கும் கல்லூரிகளில் ஒன்று. பெயர் சொல்லப்போவதில்லை. கல்லூரியைவிட இந்தப் படிப்பு என்கிற சரக்கைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு. ஐந்து வருடம் கொடுத்து வாங்கினேன், விமர்சனம் எழுதும் உரிமை இருக்கிறது.

முதலில் சுருக்கமாக விவரம். பி.ஆர்க். 5 வருடம், 10 செமஸ்டர். பி.இ. கவுன்சிலிங்கோடு சேராது, இதற்குக் கவுன்சிலிங் தனி. பிளஸ் டூ மதிப்பெண்ணை 200க்கு மாற்றி, ஆர்க்கிடெக்சருக்கான நாட்டா நுழைவுத் தேர்வின் 200ஐக் கூட்டி, 400க்கு ரேங்க் போடுவார்கள். நான் சேர்ந்த 2018இல் நாட்டா வருடத்துக்கு ஒரே தடவை, காய்ச்சல் வந்தால் போச்சு. இப்போது ஒரே வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை எழுதலாம், அந்த வகையில் இப்போதைய பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள். "படம் நல்லா வரையும்" என்பதற்கும் இந்தப் படிப்புக்கும் இருக்கிற சம்பந்தம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. எங்கள் வகுப்பில் கோலம்கூட ஒழுங்காகப் போடத் தெரியாத ஒருத்திதான் கடைசி வருடம் முதலாவதாக வந்தாள்.

முதல் வருடம் கட்டடமே கிடையாது. வட்டம், சதுரம், கோடு, வெளிச்சம், நிழல், அட்டையை மடித்து ஒரு வடிவம், அந்த வடிவத்தைப் பத்து மடங்கு பெரிதாக இன்னொரு வடிவம். அப்பா கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு பார்க்கிறவர். மினி டிராஃப்டர் (பலகையில் மாட்டிக் கோடு போடும் கருவி), கார்ட்ரிட்ஜ் ஷீட், மைக்ரோடிப் பேனா, மவுண்ட் போர்டு, ஃபோம் போர்டு, கட்டர் பிளேடு என்று நான் கேட்கக் கேட்க வாங்கிக்கொடுத்துவிட்டு, வீட்டு நோட்டில் "அட்டை, பசை வகை" என்று தனித் தலைப்புப் போட்டு எழுதிவந்தார். ஐந்து வருடத்துக்கும் அந்தப் பக்கங்கள் இருக்கின்றன. மொத்தம் எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சேர்க்கப்போகிறவர்கள் ஃபீஸுக்கு மேல் இப்படி ஒரு தலைப்பு தனியாக ஓடும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், எந்தக் கல்லூரியின் கையேட்டிலும் இது இருக்காது. ஷீட் உருட்டிப் போடும் அந்த நீளக் குழாயோடு பெரியார் நிலையத்தில் டவுன் பஸ் ஏறினால் கண்டக்டர் "மோட்டார் பைப்பா, லக்கேஜ் போடணும்" என்பார். இரண்டு தடவை போட்டும்விட்டார்.

சரி, நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் நல்லது நிஜமாகவே நன்றாக இருந்தது.

இரண்டாம் வருடத்தில் கட்டடமும் தட்பவெப்பமும் என்று ஒரு பாடம். புத்தகத்தில் வடக்குப் பக்கம் ஜன்னல் வைத்தால் நேர் வெயில் வராது, சீரான வெளிச்சம் கிடைக்கும் என்று போட்டிருந்தது, நாங்களும் அதை அப்படியே மனப்பாடம் செய்து வைத்திருந்தோம். அந்தப் பாடம் எடுத்தவர் வயதானவர், அதிகம் பேசமாட்டார். ஜூன் கடைசியில் ஒரு நாள் மதியம் எல்லோரையும் மொட்டை மாடிக்கு ஏற்றி, ஒரு மீட்டர் குச்சியை நிமிர்த்தி நிறுத்திவிட்டு, 12.20 மணிக்கு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று கேட்டார். தெற்கே விழுந்தது. அளந்து பார்த்தால் ஏறக்குறைய 24 சென்டிமீட்டர். அதாவது சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கிறது. மதுரை ஏறக்குறைய 10 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, ஏப்ரல் நடுவில் உச்சிக்கு வரும் சூரியன் அங்கே நிற்காமல் வடக்கே தாண்டிப்போய், ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்ப உச்சியைக் கடந்து தெற்கே போகிறது. நடுவில் நான்கு மாதத்துக்கு மேல் நடுப்பகல் வெயில் வடக்குச் சுவருக்குத்தான். புத்தகம் எழுதினவர் ஊரில் வடக்கு குளிர்ச்சி, நம் ஊரில் வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேடு வேண்டும். "புத்தகத்துல தப்பு இல்ல, அது உங்க ஊருக்கு எழுதல" என்று மட்டும் சொல்லிவிட்டு, குச்சியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஐந்து வருடத்தில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த வகுப்பு அது, மொத்தம் இருபது நிமிடம்.

அடுத்து திருமலை நாயக்கர் மகால். மதுரைப் பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் வரிசையாகப் போய்த் தூணைக் கட்டிப்பிடித்துக் கை எட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வந்திருப்போம். 1636இல் கட்டியது, இன்று நிற்பது பழைய அரண்மனையில் ஒரு பகுதிதான் என்பதெல்லாம் பலகையிலேயே இருக்கும். ஆனால் தூண்களை இணைக்கும் அத்தனை பெரிய வளைவுகள் கல்லே இல்லை, உள்ளே செங்கல், மேலே சுதை என்பது எனக்கு இருபது வயதில்தான் மண்டையில் ஏறியது. வண்டியூர் தெப்பக்குளம் தோண்டிய மண்ணில்தான் மகாலுக்குச் செங்கல் அறுத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அது உண்மையோ இல்லையோ, ஒரு கட்டடத்தைப் பார்த்ததும் இதற்கு மண் எங்கிருந்து வந்தது, சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது, சாரம் எப்படிக் கட்டியிருப்பார்கள் என்று கேட்கிற பழக்கம் அங்கே ஒரு வாரம் டேப் பிடித்து அளந்ததில் வந்தது. அதற்கப்புறம் காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டிநாட்டு வீட்டை அளந்து வரைந்தோம். மழைத் தண்ணீர் நான்கு பக்க ஓட்டில் இருந்தும் முற்றத்தில் விழுந்து எந்த வழியாக வெளியே போகிறது என்று பார்க்கவே அரை நாள் ஆனது. ஆத்தங்குடியில் ஒருவர் கண்ணாடி மேல் சாயம் ஊற்றி டைல் செய்வதைப் பார்த்தோம். கண்ணாடியைத் தொட்டுக் காயும் முகம்தான் பளபளப்பாக வருமாம், சூளை இல்லை, மெருகு போடும் மெஷின் இல்லை. அந்த நாட்களில் தூங்காதது எனக்கு வலிக்கவே இல்லை.

இன்னொன்று. கோச்சடையில் இருக்கும் ஒரு பழைய கிளப், இன்று ஹெரிடேஜ் மதுரை என்று ஹோட்டலாக இருக்கிறதே, அது இலங்கையின் பெரிய ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவா 1970களில் மதுரா கோட்ஸ் கம்பெனிக்காக வடிவமைத்தது. நான் பிறந்து வளர்ந்த ஊரில் அப்பேர்ப்பட்ட ஆளின் வேலை இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. மூன்றாம் வருட சீனியர் ஒருவர் சொல்லித்தான் தெரியும், வகுப்பில் யாரும் சொல்லவில்லை. இங்கேதான் எனக்குக் கோபம் ஆரம்பிக்கிறது. கட்டடக்கலை வரலாறு என்று எகிப்து, கிரேக்கம், ரோம் ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்தோம், பார்த்தினான் என்கிற கிரேக்கக் கோயிலுக்கு முன்பக்கம் எத்தனை தூண் என்று இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், எட்டு. ஆனால் ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக வீதி போட்டு, அதில் தேர் திரும்ப இடம் விட்டு, மாதத்தின் பெயரையே வீதிக்கு வைத்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, அந்த ஊரைப் பற்றி எங்களுக்குக் காட்டியது ஒரே ஒரு ஸ்லைடு. ஒன்றே ஒன்று.

மற்ற குறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் சொல்வதுதான். செய்த டிசைனை ஆசிரியர்கள், வெளியாட்கள் முன்னால் வைத்து மார்க் வாங்கும் ஜூரிக்கு முதல் நாள் இரவு தூக்கம் கிடையாது, அதைப் பெருமையாக வேறு பேசுவார்கள். ஐப்பசி மழையில் ஃபெவிக்கால் காயாது, ஃபெவிக்விக் விரலை ஒட்டும், மாடலைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்தால் பாதி மாடல்தான் வந்து சேரும். ஜூரியில் வெளியாள் ஒருவர் என் ஷீட்டை முழுதாகப் பார்க்காமலே "இதுல கான்செப்ட் எங்க?" என்று கேட்டுவிட்டு போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார், நான் அந்தக் கான்செப்டை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். சாஃப்ட்வேர் எதுவும் உருப்படியாகச் சொல்லித்தரவில்லை, ஆட்டோகேடும் ஸ்கெட்ச்அப்பும் யூடியூப் புண்ணியம். இரண்டாம் வருடக் கடைசியில் கொரோனா வந்து, மூன்றாம் வருடத்தின் பெரும்பகுதி போன் திரையிலேயே ஓடியது. மாடலைக் கேமரா முன்னால் சுற்றிச் சுற்றிக் காட்டி மார்க் வாங்கியதை என் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

பெரிய குறை வேறு. ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூட ஒரே கட்டடத்தை வானம் தோண்டுவதில் இருந்து மேல் தளக் கான்கிரீட் வரை நாங்கள் பார்க்கவில்லை. சைட் விசிட் என்பார்கள், பஸ்ஸில் போய் இறங்கி, கம்பி கட்டுவதை அரை மணி நேரம் போட்டோ எடுத்துவிட்டு, குரூப் போட்டோவும் எடுத்துவிட்டு வருவோம். ஸ்ட்ரக்சர் பாடம் வெறும் கணக்கு, பரீட்சை முடிந்ததும் போச்சு. 3 சென்ட் இடத்தில் எத்தனை அடி தள்ளிக் கட்ட வேண்டும், அனுமதிக்கு என்னென்ன தாள் வேண்டும், 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் என்ன சொல்கின்றன, வீடு கட்டுகிறவரிடம் ஃபீஸ் எவ்வளவு கேட்பது, எப்படிக் கேட்பது, அவர் "நம்ம பிள்ளைதானே" என்று சொன்னால் என்ன செய்வது, இதில் ஒன்றும் கிடையாது. கடைசி ஒன்றுக்கு இப்போதும் எனக்குப் பதில் தெரியாது.

ஒரு செமஸ்டர் வெளியே ஆபீஸில் பயிற்சி உண்டு. நான் வேறு ஊரில் ஒரு சின்ன ஆபீஸில் இருந்தேன், கொடுத்த பணம் ஹாஸ்டல், பஸ் செலவில் பாதிக்குத்தான் வந்தது. ஆனால் நான் கற்றுக்கொண்டது என்று சொல்ல ஏதாவது இருந்தால் அது அந்த மாதங்களில்தான். பாத்ரூம் தரையை எத்தனை அங்குலம் இறக்க வேண்டும், வாசல் நிலையை எப்போது நிறுத்துவார்கள், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும். அங்கே படிக்கட்டு மட்டும் வரையக் கொடுக்கவில்லை போல.

கடைசி செமஸ்டர் தீசிஸ், அதாவது ஒரு கட்டடத்தைத் தனியாக முழுதாக வடிவமைக்கும் வேலை. எங்கள் வட்டாரத்தில் பாதிப் பேர் அருங்காட்சியகம் வைப்பார்கள், நானும் கீழடியில் வைத்தேன். அங்கே நிஜமாகவே ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியும், தெரிந்தேதான் வைத்தேன், நான் அதைவிட நன்றாகச் செய்வேன் என்கிற திமிர். 2023 மார்ச்சில், என் செமஸ்டர் பாதியில், அதைத் திறந்துவிட்டார்கள். செட்டிநாட்டு வீடு மாதிரி ஓட்டுக் கூரையும் தூணும் முற்றமுமாக. ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவோடு போய்ப் பார்த்தேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து காலை நீட்டி, "நல்லா காத்து வருதுடி, உன்னுதுல இப்படி உட்கார இடம் இருக்கா?" என்று கேட்டார். இல்லை. என்னுடையதில் சாய்வான கண்ணாடிச் சுவர் இருந்தது. திரும்பி வந்து பத்து நாளில் மொத்தத்தையும் மாற்றி வரைந்தேன், அதற்கு நல்ல மார்க் வந்தது. அம்மாவின் பெயரைத் தீசிஸில் நன்றியிலாவது போட்டிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்.

இப்போது அக்கா கதை. இதற்காகத்தான் இவ்வளவும்.

பெரியம்மா மகள், என்னைவிட 7 மாதம் மூத்தவள், சின்ன வயதிலேயே அமெரிக்கா போனவர்கள். அவளும் 2018இல்தான் ஆர்க்கிடெக்சர் சேர்ந்தாள், ஆனால் அவள் சேர்ந்தது 4 வருடப் படிப்பு. அங்கே இரண்டு வழி இருக்கிறது. நம் பி.ஆர்க். மாதிரி 5 வருடத்தில் தொழிலுக்கான பட்டத்தையே வாங்கிவிடுவது ஒன்று. 4 வருடம் ஆர்க்கிடெக்சரை முக்கியப் பாடமாக வைத்துச் சாதாரண இளங்கலைப் பட்டம் வாங்கி, அதன்மேல் 2 வருடம் போல எம்.ஆர்க். என்கிற முதுகலை படிப்பது இன்னொன்று. முதல் 4 வருடப் பட்டத்துக்குத் தொழில்முறைக்கு முந்தைய பட்டம் என்று பெயர். அங்கே இந்தப் படிப்புகளை அங்கீகரிக்கிற நாப் என்கிற வாரியம் அந்த 4 வருடப் பட்டத்தை அங்கீகரிப்பதில்லை. சில மாநிலங்களில் மட்டும் கூடுதல் அனுபவம் காட்டினால் அதை வைத்தே உரிமம் வாங்கலாம். இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன்: நம் ஊர் எம்.ஆர்க். என்பது ஏற்கெனவே ஆர்க்கிடெக்ட் ஆனவர் நகர வடிவமைப்பு, நிலத் தோற்றம் என்று ஒன்றில் ஆழமாகப் போவது. அவர்களுடைய எம்.ஆர்க். பெரும்பாலும் ஆர்க்கிடெக்ட் ஆவதற்கான வாசல்படி. பெயர் ஒன்று, சாமான் வேறு.

இந்தச் சித்திரைத் திருவிழாவுக்கு வந்திருந்தாள். அழகர் இறங்குவதைப் பார்க்கப் போய்க் கூட்டத்தில் நசுங்கித் திரும்பி வந்து, மொட்டை மாடியில் பாயைப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம்.

"நீ ஆர்க்கிடெக்டா ஆயிட்டியா?" என்றாள்.

"ஆமாக்கா. ரெண்டு வருஷம் ஆச்சு."

"பரீட்சை?"

"எதுக்கு?"

"எத்தனை மணி நேரம் கணக்கு காட்டின?"

"என்ன மணி நேரம்?"

எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் 2022இல் இளங்கலை, 2024இல் எம்.ஆர்க். முடித்து ஆபீஸில் வேலை பார்க்கிறாள். அங்கே உரிமம் வாங்க ஆறு வகை வேலையில் மொத்தம் 3,740 மணி நேர அனுபவத்தைப் பதிவு செய்து காட்ட வேண்டும், அதோடு ஆறு பரீட்சை. மூன்று முடித்திருக்கிறாள். அவள் விசிட்டிங் கார்டில் "டிசைனர்" என்றுதான் இருக்கிறது. "நான் போட்ட டாய்லெட் டீடெயிலைக் கட்டி முடிச்சு ஆளு குடி வந்துட்டாங்கடி, ஆனா நான் ஆர்க்கிடெக்ட்னு வாயைத் தொறந்து சொல்ல முடியாது" என்றாள். நான் பட்டம் வாங்கி, விண்ணப்பம் போட்டு, பணம் கட்டினேன், எண் வந்துவிட்டது. ஒருவரும் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முதல் கேள்வி மேஸ்திரி கேட்டதுதான்.

அந்த இராத்திரி முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அவள் ஆறு வருடம், பெரியப்பா தலையில் ஏகப்பட்ட கடன். நான் ஐந்து வருடம், அப்பா நோட்டில் அட்டைக் கணக்கு. ஆனால் அவள் சொல்லச் சொல்ல ஒரு விஷயம் உறுத்தியது. அவளுடைய 4 வருடத்தில் பாதி வகுப்பு கட்டடத்துக்குச் சம்பந்தமே இல்லாதது, தத்துவம், போட்டோ, பொருளாதாரம். அந்த 4 வருடத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆபீஸில் போய் நின்றால் மாடல் வெட்டத்தான் விடுவார்கள், தண்ணீர் ஒழுகாமல் ஒரு மாடி போடுவது எப்படி என்பது எம்.ஆர்க். வரைக்கும் தெரியாது என்று அவளே குறைப்பட்டாள். ஆனால் அவள் வகுப்பில் நான்காவது வருட முடிவில் "இது எனக்கு வேண்டாம்" என்று நினைத்தவர்கள் பட்டத்தோடு போனார்கள். ஒருவன் வீடியோ கேம் உலகம் வரையப் போனான், ஒருத்தி நகரத் திட்டமிடலுக்குப் போனாள். யாரும் தோற்றவர்களாகப் போகவில்லை.

எங்கள் வகுப்பில் 40 பேர் சேர்ந்தோம், கூடவே முடித்தவர்கள் 31. மூன்றாம் வருடம் முடிந்ததும் என் பக்கத்து டேபிள் தோழி நின்றுவிட்டாள். நன்றாக எழுதுவாள், எதையும் அழகாகச் சொல்வாள், ஆனால் இது அவளுக்கு ஆகவில்லை. மூன்று வருட மார்க் ஷீட்டைத் தவிரக் கையில் ஒன்றும் இல்லை, விஸ்காம் முதல் வருடத்தில் புதிதாகச் சேர்ந்தாள், தம்பி வயதுப் பிள்ளைகளோடு. வீட்டில் என்ன பேச்சு வாங்கியிருப்பாள் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னும் நான்கைந்து பேர் அந்தப் பேச்சுக்குப் பயந்தே கடைசி வரை இருந்து முடித்தார்கள், இன்று அதில் ஒருவன் மாட்டுத்தாவணிப் பக்கம் மொபைல் கடை வைத்து நன்றாகச் சம்பாதிக்கிறான். 17 வயதில் ஏறினால் 22இல்தான் இறங்க முடியும் என்கிற பஸ் இது, நடுவில் நிறுத்தம் கிடையாது. என் பார்வையில் இந்தப் படிப்பின் ஆகப்பெரிய கோளாறு அதுதான், தூக்கம் போனதெல்லாம் அடுத்தது.

பட்டத்தின் மதிப்பு என்ன என்றும் கேட்பார்கள். 1972ஆம் வருட ஆர்க்கிடெக்ட் சட்டம் காப்பது "ஆர்க்கிடெக்ட்" என்கிற பெயரை. கவுன்சிலில் பதியாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக்கூடாது, ஆனால் கட்டடம் வடிவமைக்கும் வேலையை மற்றவர்கள் செய்வதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நம் பக்கம் வீடு கட்டுகிறவர் முதலில் போவது சிவில் இன்ஜினியரிடம், அல்லது நேராக மேஸ்திரியிடம். 2024 ஜூலையில் இருந்து 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, உரிமையாளரே ஆன்லைனில் சுயசான்று கொடுத்து உடனடி அனுமதி வாங்கலாம் என்று வந்திருக்கிறது. அதனால் "ஆர்க்கிடெக்ட் இல்லாம வீடு கட்ட முடியாது, பிள்ளைக்கு வேலை உறுதி" என்று எந்தக் கல்லூரி ஏஜெண்டாவது சொன்னால் டீயைக் குடித்துவிட்டு அனுப்பிவிடுங்கள். என்னை இன்றைக்கும் சைட்டில் "இன்ஜினியர் பாப்பா" என்றுதான் கூப்பிடுகிறார்கள், திருத்துவதை விட்டுவிட்டேன்.

மார்க் கேட்டால், பார்க்கக் கற்றுக்கொடுத்ததற்கு 5க்கு 4½. கட்டக் கற்றுக்கொடுத்ததற்கு 1½, அதிலும் ஒன்று அந்தப் பயிற்சி ஆபீஸுக்குச் சேர வேண்டியது.

திரும்ப 2018 வந்தால் சேர்வேனா என்று அக்கா கேட்டாள். சேர்வேன். ஆனால் ஒவ்வொரு லீவிலும் மாமாவின் மேஸ்திரியோடு சித்தாளாகவாவது போய் நிற்பேன். பிள்ளைக்கு இதுதான் வேண்டும் என்று உறுதியாக இருந்தால், மதுரையிலேயே, வீட்டில் இருந்து போய்வந்து, இந்தச் செலவுக்குள் 22 வயதில் ஆர்க்கிடெக்ட் ஆவது அக்காவின் வழியைவிட நிச்சயம் லாபம். "பார்க்கலாம், பிடிச்சா படிக்கட்டும்" என்கிற ரகம் என்றால் வேண்டாம், வேறு ஏதாவது மூன்று வருடப் படிப்பில் போடுங்கள்.

சேர்க்கிறவர்கள் கவுன்சிலிங்குக்கு முன்னால் மூன்று வேலை செய்யுங்கள். கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் தளத்தில் அந்தக் கல்லூரிக்கு அந்த வருடத்துக்கு அனுமதி இருக்கிறதா, எத்தனை இடத்துக்கு என்று பாருங்கள். கல்லூரிக்குப் போனால் வரவேற்பறையில் உட்காராமல் பிள்ளைகள் உட்கார்ந்து வரையும் ஸ்டுடியோவுக்கு நேரே போய், கடைசி வருடப் பிள்ளையிடம் "நீ கட்டி முடிச்சுப் பார்த்த கட்டடம் எது?" என்று கேளுங்கள், பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். பாடம் எடுக்கிறவர்களில் எத்தனை பேர் வெளியே கட்டிக்கொண்டும் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அப்புறம், மினி டிராஃப்டர் புதிதாக வாங்காதீர்கள், இரண்டு வருடத்துக்கு மேல் யாரும் தொடுவதில்லை, சீனியர்களிடம் பாதி விலைக்குக் கிடைக்கும். என்னுடையது பரண் மேல்தான் கிடக்கிறது, ஒரு திருகு மட்டும் லூஸ், வில்லாபுரம் பக்கம் யாராவது இந்த வருடம் சேர்ந்தால் சும்மாவே தருகிறேன்.